மேடையில் தரப்படும் கையுறை



மணியாச்சியில் ரயிலேறிக் கடம்பூரைக் கடந்தால் கோவில்பட்டி. கரிசல் பூமியின் ஹாக்கி ஊர் அது. லட்சுமி அம்மாள் நினைவுக் கோப்பைக்காக நாட்டின் பல மூலைகளிலிருந்தும் அணிகள் அங்கே வருகின்றன. அங்குள்ள விளையாட்டு விடுதியில் பயின்ற மாரீஸ்வரன் சக்திவேலும் கார்த்தி செல்வமும் 2022-இல் ஜகார்த்தா ஆசியக் கோப்பையில் இந்தியாவுக்காக ஆடிய பிறகு, எம்மிடம் ஓத வரும் பிள்ளைகளின் கைகளிலும் மட்டை ஏறிவிட்டது. அஸருக்கும் மஃரிபுக்கும் இடைப்பட்ட நேரம் அவர்களுக்கு மைதானம்தான். மஃரிப் ஜமாஅத்துக்கு வந்துவிட்டால் அதில் எமக்குக் குறையொன்றுமில்லை.

எமது வருத்தம் வேறு. ஊர்ப் போட்டிகளுக்கு முந்தைய நாள், வசதி படைத்தோர் மேடையேறி ஏழைச் சிறுவனுக்குப் புத்தம் புதிய கோல் கீப்பர் கையுறையை வழங்குகிறார்கள், படமும் எடுக்கப்படுகிறது. மறுநாள் காலை அதை அணிந்துகொண்டு அவன் கோல் கம்பத்தின் முன் நிற்கிறான். விரல் மடங்கவில்லை. மட்டை பிடிக்குள் சுழல்கிறது. கொடுத்தவர் நல்லெண்ணத்தோடுதான் கொடுத்தார். ஆனால் அன்று தோற்பது அந்தப் பிள்ளை.

இக்கையுறைகள் இரண்டும் ஒன்றல்ல. இடக்கையில் அணிவது ஏறக்குறைய ஒரு பலகை. பந்தைத் தடுத்துத் திருப்புவதற்கானது. வலக்கையில் அணிவதோ மட்டையைப் பற்றிக்கொண்டே தடுக்க வேண்டியது. இரண்டும் அடர்ந்த ஃபோமால் ஆனவை. விதிப்படி ஒவ்வொன்றும் 228 மி.மீ. அகலத்தையும் 355 மி.மீ. நீளத்தையும் மீறக்கூடாது, கை விட்ட பின்னும் மட்டையைப் பிடித்து வைக்கும் எந்த இணைப்பும் இருக்கலாகாது. ஆகவே பிடி முழுவதும் விரல்களின் பொறுப்பு. 160 கிராம் அளவுள்ள கடினமான பந்து, பெனால்டி கார்னரில் மணிக்கு 100 கிலோமீட்டரையும் தாண்டிய வேகத்தில் வரும்போது, விறைத்த கையுறைக்குள் அவ்விரல்கள் என்ன செய்யும்?

புதுக் கையுறையைப் பழக்குவது காளையை ஏருக்குப் பழக்குவது போன்றது. ஒரே நாளில் ஆகாது. முதல் வாரம் பந்தே வேண்டாம். வலக்கையுறையை அணிந்து மட்டையைப் பிடித்தபடி தினமும் அரைமணி நேரம் வீட்டிலேயே நடக்கட்டும். விரல்களை மடக்கி விரிக்கட்டும். கழற்றிய பின், மட்டைப் பிடியின் பருமனுள்ள கம்பொன்றை அதன் பிடிக்குள் வைத்து, துணிப்பட்டையால் லேசாகக் கட்டி இரவு முழுவதும் விடலாம். பிறகு சுவரில் எறிந்து தடுக்க டென்னிஸ் பந்து. அதன்பின் தோழன் மெதுவாகத் தள்ளிவிடும் ஹாக்கிப் பந்து. முழு வேக அடி கடைசியில்தான். நெகிழ வேண்டியது விரல் மடியும் இடமும் மணிக்கட்டுப் பட்டையும் மட்டுமே. பந்தை வாங்கும் முகப்பு கெட்டியாகவே இருக்க வேண்டும். இதை மறந்து காலால் மிதித்தும் வண்டிச் சக்கரத்தின் கீழ் வைத்தும் ‘பதப்படுத்துவோர்’ கேடயத்தைக் கந்தலாக்குகிறார்கள். எண்ணெய் தடவுவது தோலுக்குரிய வைத்தியம், ஃபோமுக்கு அன்று. வெந்நீரும் வேண்டாம், நம்மூர் மொட்டைமாடி வெயிலும் வேண்டாம். வியர்வையில் நனைந்தால் நிழலில் காற்றாட உலர்த்தினால் போதும்.

பி.ஆர். ஸ்ரீஜேஷின் தந்தை, மகனின் கோல் கீப்பர் உபகரணங்களுக்காகப் பசுவை விற்றார். அந்த மகன் 2021-இல் டோக்கியோவில், ஜெர்மனிக்கு எதிரான ஆட்டத்தின் கடைசி நொடிகளில் பெனால்டி கார்னரைத் தடுத்தார். 41 ஆண்டுகளுக்குப் பின் ஒலிம்பிக் ஹாக்கிப் பதக்கம் இந்தியாவுக்குக் கிட்டியது. விற்கப் பசுவும் இல்லாத தகப்பன்மார் நம் மஹல்லாக்களில் உண்டு. அவர்களுக்கு உதவுவது ஸதகாவே. வலக்கை ஈவதை இடக்கை அறியாத ஈகையை மார்க்கம் உயர்த்திப் பேசுகிறது. அத்தகைய ஈகைக்கு மேடை தேவையில்லை. ஆதலால் போட்டித் தேதிக்காகக் காத்திருக்கவும் தேவையில்லை. இரண்டு மாதம் முன்பே, பயிற்சியாளரிடம் கையளவு கேட்டு, வாங்கிக் கொடுத்துவிடுங்கள். புதியது வாங்க இயலாதோர், ஆட்டத்திலிருந்து விலகும் மூத்த வீரரின் பழகிய கையுறையைக் கேட்டுப் பாருங்கள். முகப்பு வெடிக்காதிருந்தால் இளையவனுக்கு அது புதியதைவிட மேல். கொடுத்தவர் பெயர் கட்டாயம் வேண்டுமென்றால் மணிக்கட்டுப் பட்டையின் உட்புறம் எழுதலாம். முகப்பில் ஒட்டிய ஸ்டிக்கரை முதல் பந்தே உரித்துவிடும்.