ஆபரேஷனுக்குப் போகும் பிள்ளையிடம் பொய் சொல்லலாமா?

"ஜூ பார்க் போகலாம், வா" என்று சொல்லித்தான் ஐந்து வயது மகனை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். குடலிறக்கத்துக்கு ஆபரேஷன். அது நன்றாகவே நடந்தது. ஆனால் அதன்பின் பல மாதங்கள் அவன் என்னோடு ஆட்டோவில் ஏற மறுத்தான். தையல் சீக்கிரம் ஆறிவிட்டது. நான் சொன்ன பொய் ஆற வெகுநாளாயிற்று.

நம் வீடுகளில் இது சர்வசாதாரணம். சாப்பிட அடம் பிடித்தால், "ஊசி போடச் சொல்லுவேன்" என்று டாக்டரைப் பூச்சாண்டியாக்குகிறோம். பிறகு அதே டாக்டர் முன்னால் படுக்க வைத்து, "அழாதே" என்கிறோம். பிள்ளை எப்படி அழாமலிருக்கும்?

மற்ற நாடுகளும் இதை மெல்லத்தான் உணர்ந்தன. இங்கிலாந்தில், குடலிறக்க ஆபரேஷனுக்காக ஆஸ்பத்திரியில் விடப்பட்ட இரண்டு வயதுக் குழந்தையின் ஏக்கத்தை ஜேம்ஸ் ராபர்ட்சன் 1952-ல் திரைப்படமாக்கிக் காட்டினார். 1959-ல் அந்நாட்டின் பிளாட் கமிட்டி, நேரக் கட்டுப்பாடின்றிப் பெற்றோரை அனுமதிக்கும்படி சிபாரிசு செய்தது.

நாம் செய்ய வேண்டியது என்ன? சின்னக் குழந்தைக்கு ஓரிரு நாள் முன்பு சொன்னால் போதும். பள்ளிப் பிள்ளைக்கு ஒரு வாரம் முன்பு. பதின்மூன்று, பதினான்கு வயதானவர்களுக்கு ஆபரேஷன் முடிவானதுமே சொல்லி, டாக்டரோடு பேசும்போது பக்கத்தில் உட்கார வைக்க வேண்டும். தழும்பு தெரியுமா, யார் முன்னால் உடை மாற்றுவது என்ற கவலைகள் அவர்களுக்கு உண்டு. வெட்கத்தால் கேட்கமாட்டார்கள்.

"வலிக்கவே வலிக்காது" என்று சத்தியம் செய்யாதீர்கள். "விழித்தபின் வலிக்கும், சொன்னால் மருந்து தருவார்கள்" என்பதே உண்மை. பட்டினி ஏன் என்றும் சொல்லுங்கள். பாட்டி பரிவோடு ரகசியமாகத் தரும் பிஸ்கெட், மயக்கத்தில் வாந்தியாகி நுரையீரலுக்குள் போனால் உயிருக்கே ஆபத்து.

"தூங்கினால் மறுபடி எழுந்திருப்பேனா?" என்பது பிள்ளைகள் வாய்விட்டுக் கேட்காத கேள்வி. இதற்கு நம் ஹைதராபாத்திலேயே பதில் உண்டு. 1888, 1889-ல் நிஜாம் ஆதரவோடு, டாக்டர் எட்வர்ட் லாரியின் முயற்சியால் இங்கே குளோரோபாரம் கமிஷன்கள் கூடின. இருதயத்துக்கு நேரே ஆபத்தில்லை என்ற அவற்றின் முடிவு பின்னர் தவறென்று தெரிந்தது; குளோரோபாரமும் வழக்கொழிந்தது. ஆனால் மயங்கியவரின் மூச்சை விடாமல் கவனிக்க வேண்டும் என்று அவை வற்புறுத்திய பாடம் நிலைத்தது. ஆகவே, "ஒரு டாக்டர் உன் பக்கத்திலேயே இருந்து மூச்சையும் இருதயத்தையும் பார்த்துக்கொள்வார், முடிந்ததும் எழுப்புவார்" என்று தைரியமாகச் சொல்லலாம்.

பிழைக்க வந்த ஊரில் நமக்கு இன்னொரு வேலையும் உண்டு. கண் விழிக்கும் பிள்ளையிடம் நர்ஸ் தெலுங்கிலோ உருதுவிலோ பேசுவார். 'நொப்பி', 'தர்த்' என்றால் வலி. 'நீள்ளு', 'பானி' என்றால் தண்ணீர். இந்த நாலு வார்த்தைகளை முன்னதாகவே சொல்லிக்கொடுங்கள்.

பின்னர் என் மகளுக்கு டான்சில் ஆபரேஷன் வந்தபோது உள்ளதைச் சொன்னேன். அழத்தான் செய்தாள். ஆனால் தியேட்டர் வாசல்வரை என் விரலைப் பிடித்துக்கொண்டே வந்தாள்.