அழித்துவிட்டுப் புதிதாய் நிறுவுவது தீர்வாகுமா?

எஸ்பிஎம் முடித்துக் கணினித் துறைக்குச் செல்லும் கிள்ளான் மாணவர்கள் பலர், சைபர்ஜெயா தரவு மையங்களில் வேலை கிடைக்கும் என்ற நம்பிக்கையோடு படிக்கின்றனர். அங்கே அவர்கள் கையாளப் போவதில் பெரும்பகுதி மெய்நிகர் கணினிகள். ஒரே கணினிக்குள் மென்பொருளால் உருவாக்கி இயக்கப்படும் கணினிகள் இவை. ஐபிஎம் நிறுவனம் 1972-இல் வெளியிட்ட விஎம்/370 முதலே இத்தொழில்நுட்பம் புழக்கத்தில் உள்ளது.

இவற்றை நிறுவக் கற்றுத் தருகிறோம். கோளாறு வந்தால் காரணத்தைத் தேடக் கற்றுத் தருகிறோமா?

ஓர் எடுத்துக்காட்டு. லினக்ஸில் 'விர்ஷ் லிஸ்ட்' என்று கட்டளையிட்டால் சில வேளைகளில் பட்டியல் காலியாக வரும். நேற்று உருவாக்கிய கணினி தொலைந்துவிட்டதென்று பதறி, மாணவர் புதிதாக ஒன்றை உருவாக்கத் தொடங்குவார். உண்மையில் எதுவும் தொலைந்திருக்காது. அந்தக் கட்டளை, இயங்கிக்கொண்டிருக்கும் கணினிகளை மட்டுமே காட்டும். நிறுத்தி வைத்தவற்றையும் காண 'ஆல்' என்ற தெரிவைச் சேர்க்க வேண்டும். அப்போதும் காலியாக இருந்தால், எந்தப் பயனராக நுழைந்தோம் என்று பார்க்க வேண்டும். சாதாரணப் பயனருக்கு ஒரு பட்டியல், 'ரூட்' நிர்வாகிக்கு வேறொரு பட்டியல். வர்ச்சுவல்பாக்ஸிலும் பயனருக்குப் பயனர் பட்டியல் மாறும்.

கட்டளைப் பெயர்களும் ஏமாற்றக்கூடும். 'விர்ஷ் டெஸ்ட்ராய்' கணினியை அழிப்பதில்லை. மின்கம்பியைப் பிடுங்கியதுபோல் சட்டென நிறுத்துகிறது. அதன் பதிவை நீக்குவது 'அன்டிஃபைன்' என்ற கட்டளை. பொருள் அறியாமல் செயற்கை நுண்ணறிவு தரும் வரிகளை அப்படியே ஒட்டுபவருக்கு இந்த வேறுபாடு தெரியாது.

"மீண்டும் நிறுவினால் அரை மணி நேரத்தில் வேலை முடிந்துவிடும்" என்பார்கள். ஆய்வுக்கூடத்தில் அது சரி. நிறுவனத்தில் அதே கணினிக்குள் ஊழியர் சம்பளக் கணக்கோ நோயாளிகளின் பதிவோ இருக்கலாம். காப்பு நகல் இல்லாமல் அழித்தால் போனது போனதுதான்.

ஆகவே, தொழிற்கல்லூரிகள் செய்முறைத் தேர்வில் வேண்டுமென்றே பழுதாக்கிய கணினி ஒன்றை மாணவரிடம் தர வேண்டும். என்ன பிழைச் செய்தி வந்தது, எதைச் சந்தேகித்தார், எப்படிச் சோதித்தார் என அவர் எழுதுவதற்கும் மதிப்பெண் வேண்டும். ஆங்கிலப் பிழைச் செய்தியைக் கண்டு மிரளும் தமிழ்ப்பள்ளி மாணவருக்கு, அதை வரி வரியாகத் தமிழில் விளக்கிச் சொல்லும் பயிற்சி பெரிதும் கைகொடுக்கும்.

மாணவர்களே, கல்லூரி மாறும்வரை காத்திருக்க வேண்டாம். ஒரு நோட்டுப் புத்தகம் வாங்குங்கள். அடுத்த பிழைச் செய்தியை அழிக்கும் முன் அதில் எழுதி வையுங்கள்.