சோம்பல் என்று திட்டுமுன் ஒரு ரத்தப் பரிசோதனை



பள்ளி மேலாண்மைக் குழுவில் இருக்கும் பெற்றோரும், ஓய்வுபெற்ற செவிலியர்களும், கல்லூரி மாணவியரும் சேர்ந்து இந்த வேண்டுகோளை உங்கள் முன் வைக்கிறோம். நம் வீட்டு வளரிளம் பெண்களுக்கு இருக்கும் ரத்தசோகையைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம்.

2019–21இல் எடுத்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு, இந்தியாவில் 15 முதல் 19 வயது வரையுள்ள பெண்களில் 59 சதவீதம் பேருக்கு ரத்தசோகை என்கிறது. 2015–16இல் இது 54 சதவீதமாக இருந்தது. தமிழ்நாட்டிலும் இந்த வயதுப் பெண்களில் பாதிக்கு மேற்பட்டோர் இந்தக் கணக்கில் வருகிறார்கள். பையன்களும் தப்பவில்லை, நாடு முழுவதும் அவர்களில் 31 சதவீதம் பேருக்கு இந்தக் குறை உண்டு.

மகளுக்கு மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது, பாடத்தில் மனம் நிற்கவில்லை, பச்சரிசியையும் பல்பத்தையும் கொறிக்கிறாள் என்றால், நாம் அவளைச் சோம்பேறி என்கிறோம், கெட்ட பழக்கம் என்கிறோம். உடம்பில் இரும்புச்சத்து குறைந்ததன் அடையாளமாக அது இருக்கலாம். 15 வயதைத் தாண்டிய பெண்ணுக்கு ஹீமோகுளோபின் 12 கிராமுக்குக் கீழே போனால் ரத்தசோகை. இதைக் கவனிக்காமல் விட்டு, நாளை அவள் கர்ப்பமானால் பேறுகாலத்தில் அவள் உயிருக்கே ஆபத்து வரலாம். குழந்தையும் எடை குறைந்து பிறக்கலாம்.

மருந்து இல்லாமல் நாம் தவிக்கவில்லை. ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை வாரம் ஒரு நீல நிற இரும்புச்சத்து மாத்திரையை அரசு இலவசமாகக் கொடுக்கிறது. படிப்பை விட்ட பெண்களுக்கு அங்கன்வாடியில் கிடைக்கும். ஆண்டுக்கு இரண்டு முறை பூச்சி மாத்திரையும் உண்டு. ஆனால் கைக்கு வந்த மாத்திரை எல்லாம் வாய்க்குள் போவதில்லை. வெறும் வயிற்றில் விழுங்கிய பிள்ளைக்குக் குமட்டல் வரும்; மலம் கறுப்பாகப் போகும்; “இனிமேல் வாங்காதே” என்று வீட்டில் சொல்லிவிடுவோம். மலம் கறுப்பதில் பயம் இல்லை. சாப்பிட்ட பிறகு விழுங்கினால் குமட்டலும் பெரும்பாலும் அடங்கிவிடும்.

எனவே, வீட்டில் இருப்பவர்களைக் கேட்டுக்கொள்கிறோம். மாத்திரை நாளில் பிள்ளையைப் பட்டினியாக அனுப்பாதீர்கள். மாத்திரையோடும் சாப்பாட்டோடும் டீ, காபி வேண்டாம். அவை இரும்புச்சத்து உடம்பில் சேர்வதைக் குறைக்கும். எலுமிச்சை, நெல்லிக்காய், கொய்யா சேர்த்தால் நன்றாகச் சேரும். கீரை, கேழ்வரகு, பயறு, எள்ளுருண்டை அடிக்கடி கொடுங்கள். அசைவம் சாப்பிடும் வீடுகளில் ஈரலும் சுவரொட்டியும் வாங்கும்போது முதல் பங்கு மகளுக்குப் போகட்டும். எல்லோரும் சாப்பிட்டு மிஞ்சியதைத்தான் பெண் சாப்பிட வேண்டும் என்ற வழக்கத்தை ஆண்கள் முன்வந்து மாற்ற வேண்டும்.

மாதவிடாய் ஏழு நாளுக்கு மேல் நீடித்தாலோ, துணி மாற்றி மாளாத அளவுக்கு ரத்தம் போனாலோ, “வயசுக்கு வந்தால் அப்படித்தான்” என்று விடாதீர்கள். மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் ரத்தப் பரிசோதனைக்குக் காசில்லை. ரத்தசோகை இருப்பது தெரிந்தால் வாரம் ஒரு மாத்திரை போதாது. மருத்துவர் சொல்லும் அளவில் தினமும் எடுக்க வேண்டும். அப்படியும் ஹீமோகுளோபின் ஏறவில்லை என்றால் வேறு காரணம் உண்டா என்று பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.

மில்களிலும் தையல் தொழிற்சாலைகளிலும் இளம்பெண்களை வேலைக்கு வைத்திருப்பவர்களே, உங்கள் விடுதிச் சாப்பாட்டில் வாரம் சில நாளாவது முட்டையும் பயறும் கீரையும் இருக்கட்டும். ஆண்டுக்கு ஒருமுறை ரத்தம் பார்க்க ஏற்பாடு செய்யுங்கள். மாதவிடாய் வலிக்கு ஒரு மாத்திரையைக் கொடுத்துவிட்டு மீண்டும் மெஷினில் நிறுத்தாதீர்கள்.

ஊராட்சிக்கும் அரசுக்கும் எங்கள் கோரிக்கை ஒன்றுதான். சத்துணவு பத்தாம் வகுப்போடு நின்றுவிடுகிறது. இரும்புச்சத்து அதிகம் தேவைப்படும் 16, 17 வயதில், விடியற்காலையில் பஸ் பிடித்து மேல்நிலைப் பள்ளிக்குப் போகும் பிள்ளைக்கு முட்டையும் இல்லை, சோறும் இல்லை. பிளஸ் ஒன், பிளஸ் டூ மாணவர்களுக்கும் சத்துணவை நீட்டிக்க வேண்டும்.

இதை ஆகஸ்ட் 15 கிராம சபையில் தீர்மானமாகக் கொண்டுவரப் போகிறோம். அன்று வேலையைச் சற்று ஒதுக்கிவிட்டு வாருங்கள். உங்கள் மகள்களையும் அழைத்து வாருங்கள். அவர்களே எழுந்து பேசட்டும். தீர்மானத்துக்குக் கை தூக்குங்கள்.

இப்படிக்கு,
பெற்றோர், செவிலியர், மாணவியர் குழு