நீள வார்த்தைக்கு ஏன் பயம்?



போன மாசம் பிரேயரில் ஆங்கிலச் செய்தி வாசிக்கும் முறை எனக்கு வந்தது. ‘ரெஸ்பான்சிபிலிட்டி’ என்ற வார்த்தையில் மாட்டிக்கொண்டேன். ‘ரெஸ்பா... ரெஸ்பா...’ என்று மூணு தடவை நின்றேன். எல்லாரும் சிரித்தார்கள். அடுத்த முறை வந்தப்போ வயிறு வலி என்று பொய் சொல்லிவிட்டேன். அந்தப் பொய் இன்னும் உறுத்துது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

நாம் ஆங்கில வார்த்தையை மொத்தமாக மனப்பாடம் செய்கிறோம். அது தப்பு என்பது என் கருத்து. நம்ம பக்கத்து உப்பளத்தில் குவிச்ச உப்பை யாரும் ஒரே தடவையில் தூக்குவதில்லை. கூடை கூடையாகத்தான் சுமக்கிறார்கள். வார்த்தையும் அப்படித்தான்.

நன்னூல் பகுபத உறுப்புகள் 6 என்கிறது. ஆங்கிலத்திலும் பகுதி, விகுதி உண்டு. ‘ரெஸ்பான்ஸ்’ உடன் ‘இபிள்’ சேர்ந்தால் ‘ரெஸ்பான்சிபிள்’, அதாவது பொறுப்புள்ள. பிறகு ‘இட்டி’ சேர்ந்தால் ‘ரெஸ்பான்சிபிலிட்டி’, பொறுப்பு என்ற பெயர்ச்சொல். ‘எலெக்ட்ரிக்’ என்பது ‘எலெக்ட்ரிசிட்டி’ ஆவதும் இதே ‘இட்டி’யால்தான். அங்கே ‘க்’ சத்தம் ‘ச்’ ஆகுது. அதை நம்ம விகாரம் மாதிரி நினைச்சுக்கலாம்.

அடுத்தது சிலபிள். இது நம்ம அசை போல இருந்தாலும் முழுக்க ஒன்றல்ல. ‘மலர்’ நமக்கு ஒரே நிரையசை. சிலபிள் கணக்கில் ம-லர் என்று 2. ஒரு உயிர் ஒலிக்கு ஒரு சிலபிள். ரெஸ்-பான்-சி-பி-லி-டி, மொத்தம் 6. டெஸ்க்கில் தட்டிப் பாருங்க!

இந்த 6-ல் ஒன்றைத்தான் ஓங்கிச் சொல்லணும். தமிழில் அழுத்தம் மாறினால் பொருள் மாறாது. ஆங்கிலத்தில் மாறும். ‘ரெக்கார்ட்’ என்பதில் முதல் சிலபிளை அழுத்தினால் பெயர்ச்சொல், இரண்டாவதை அழுத்தினால் வினைச்சொல். ‘இட்டி’, ‘ஷன்’ என்று முடிந்தால் பெரும்பாலும் அதற்கு முந்தின சிலபிளில் அழுத்தம் வரும். ரெஸ்பான்சிபிலிட்டியில் ‘பி’, எஜுகேஷனில் ‘கே’, எக்ஸாமினேஷனில் ‘நே’. டெலிவிஷன் மாதிரி சிலது விதிவிலக்கு.

‘மனப்பாடம் பண்ணாலே மார்க் வருதே’ என்று கேட்பீங்க. மார்க் பேப்பரோடு சரி. மைக் முன்னாடி அது உதவலையே! தப்பாச் சொன்னால் சிரிப்பு. சரியாச் சொன்னால் ‘பீட்டர் விடுறா’ என்று கிண்டல். அப்போ நாங்க வாயே திறக்கக் கூடாதா?

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். தினமும் ஒரு நீள வார்த்தையைக் கரும்பலகையில் பிரிச்சு எழுதி, அழுத்தம் வரும் இடத்தில் கோடு போடுங்க. நண்பர்களுக்கும் ஒரு வேண்டுகோள். வாசிக்கிறவங்க முடிக்கட்டும், அப்புறம் திருத்துங்க. சிரிக்காதீங்க.

அடுத்த வாரம் மறுபடி என் முறை. இந்தத் தடவை எனக்கு வயிறு வலிக்காது.

இப்படிக்கு,
ஒன்பதாம் வகுப்பு மாணவி,
செய்யூர்.