மொட்டை மாடியில் ஏறுபவர் கையிலேயே சான்று இருக்க வேண்டும்

பூந்தமல்லி வட்டாரத்தில் சோலார் பேனல் பொருத்தும் தொழிலில் இருப்பவர்களின் சங்கம் என்ற முறையில் எங்கள் நிலைப்பாட்டை வெளிப்படையாகச் சொல்கிறோம். வீட்டு மாடியில் சோலார் பொருத்தும் ஒவ்வொரு குழுவிலும் தகுதிச் சான்று பெற்ற ஒருவராவது வேலை முடியும்வரை நேரில் இருக்க வேண்டும். சான்று வேலை செய்பவரின் சொந்தப் பெயரில் இருக்க வேண்டும். அப்படி ஒருவர் இல்லாமல் நடந்த வேலைக்கு அரசு மானியம் தரக்கூடாது.

இதை இப்போது சொல்லக் காரணம் உண்டு. 2024 பிப்ரவரியில் ஒன்றிய அரசு பிஎம் சூர்ய கர் திட்டத்தைத் தொடங்கியது. நாடு முழுக்க 1 கோடி வீடுகள் இலக்கு. 3 கிலோவாட் போட்டால் 78,000 ரூபாய் மானியம். அதன் பிறகு குமணன்சாவடியிலும் காட்டுப்பாக்கத்திலும் நசரத்பேட்டையிலும் விசாரிக்காத தெரு இல்லை. ஏசி மாட்டியவர், சிசிடிவி கேபிள் இழுத்தவர், வீட்டு ஒயரிங் செய்தவர் எனப் பலரும் இந்த வேலைக்கு வந்துவிட்டார்கள். எங்கள் உறுப்பினர்களில் பாதிப்பேர் அப்படி வந்தவர்கள்தான். கைத்திறனுக்குக் குறைவில்லை. ஆனால் சோலார் வேறு வகை மின்சாரம், அதை யாரும் அவர்களுக்கு உட்காரவைத்துச் சொல்லித்தரவில்லை.

வீட்டு ஒயரிங்கில் மெயினை அணைத்தால் லைன் செத்துவிடும். பேனலுக்கு மெயின் கிடையாது. வெயில் இருக்கும்வரை அதிலிருந்து வரும் ஒயரில் மின்சாரம் இருக்கும். 3 கிலோவாட்டுக்கு ஆறு பேனல்களைத் தொடராக இணைத்தால் சுமார் 300 வோல்ட் டிசி, அதாவது நேர்மின்சாரம், வந்து நிற்கும். வீட்டு லைனில் வரும் ஏசி மின்னோட்டம் நொடிக்கு நூறு முறை பூஜ்யத்தைத் தொட்டுப் போவதால் அதில் எழும் தீப்பொறி தானே அணைய வாய்ப்புண்டு. டிசியில் அந்த இடைவெளியே இல்லை, பொறி பிடித்தால் நின்று எரியும். அதனால்தான் டிசி பெட்டிக்குள் டிசிக்கென்றே செய்த எம்சிபி (தானே துண்டிக்கும் சுவிட்ச்) போட வேண்டும். விலை குறைவு என்று கடையில் கிடைக்கும் ஏசி எம்சிபியை அங்கே மாட்டியிருப்பதை நாங்கள் பார்க்கிறோம்.

பேனல் ஒயர்களை இணைக்கும், விரல் நீளமே இருக்கும் எம்சி4 கனெக்டரை எடுத்துக்கொள்ளுங்கள். ஒயரின் தோலை அளவாக உரித்து, உலோக முனையை அதற்குரிய கிரிம்பிங் டூலால் அழுத்தி, உறைக்குள் 'டக்' என்று சத்தம் வரும்வரை தள்ளி, பிறகு இழுத்துப் பார்க்க வேண்டும். டூல் இல்லாதவர் கட்டிங் பிளேயரால் நசுக்கிவிடுவார். அன்றைக்கு எல்லாம் சரியாகவே ஓடும், ஆப்பில் யூனிட் ஏறும், வீட்டுக்காரரும் மகிழ்ச்சியாகப் பணம் கொடுப்பார். பிடிப்பில்லாத அந்த முனை ஒவ்வொரு மதியமும் சூடேறும். பிளாஸ்டிக் கருகத் தொடங்கும்போது பொருத்தியவரின் போன் நம்பர் மாறியிருக்கும். ஒரு பிராண்டின் ஆண் முனையையும் இன்னொரு பிராண்டின் பெண் முனையையும் சேர்த்தாலும் இதே கதி. கண்ணுக்குத் தெரியாத இந்த வேலையை வீட்டுக்காரரால் சோதிக்க முடியாது. அவருக்காகச் சோதித்துச் சொல்வதுதான் சான்றின் வேலை.

காற்றும் இருக்கிறது. இந்தியத் தரநிலை ஐஎஸ் 875 சென்னைக்குக் கொடுத்திருக்கும் அடிப்படைக் காற்று வேகம் நொடிக்கு 50 மீட்டர், அதாவது மணிக்கு 180 கிலோமீட்டர். 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் இந்தப் பக்கம் மரங்களையும் தகரக் கூரைகளையும் என்ன செய்தது என்பதை யாரும் மறக்கவில்லை. தட்டோடு போட்ட மாடியில் துளையிட்டால் ஒழுகுமே என்று பயந்து, கணக்குப் போடாமல் நாலு சிமெண்ட் கட்டைமேல் ஸ்டாண்டை நிறுத்திவிட்டு இறங்குவது அண்டை வீட்டாரின் உயிரோடு விளையாடுவது.

சட்டம் இல்லாமல் இல்லை. மத்திய மின்சார ஆணையத்தின் பாதுகாப்பு விதிகளின்படி, உரிமம் பெற்ற ஒப்பந்ததாரர்தான், தகுதிச் சான்று பெற்றவரின் நேரடி மேற்பார்வையில் மின் நிறுவல் வேலையைச் செய்ய வேண்டும். சூர்ய கர் திட்டத்தில் பதிவு பெறும் நிறுவனத்திடம் வங்கி உத்தரவாதம் வாங்குகிறார்கள், 5 ஆண்டு பராமரிப்புக்குப் பொறுப்பேற்க வைக்கிறார்கள். நல்ல ஏற்பாடுதான். ஆனால் நடைமுறையில் உரிமம் ஒருவரிடம், கையெழுத்து இன்னொருவரிடம், மாடியில் நிற்பது நாள்கூலிக்கு வந்த மூன்றாம் ஆள். அந்த மூன்றாம் ஆளைப் பற்றி எந்தப் படிவமும் கேட்பதில்லை.

மானியம் வேகமாகவும் பயிற்சி மெதுவாகவும் போனால் என்ன ஆகும் என்பதற்கு ஆஸ்திரேலியா சாட்சி. 2009இல் அங்கே வீட்டுக் கூரைகளில் வெப்பத் தடுப்பு விரிப்பு போட அரசு மானியம் அறிவித்தது. அனுபவமில்லாத இளைஞர்கள் கூட்டமாக வந்தார்கள். நான்கு தொழிலாளர்கள் இறந்தார்கள், அவர்களில் மூவர் மின்சாரம் தாக்கி. 2010 பிப்ரவரியில் திட்டமே நிறுத்தப்பட்டது, 2014இல் விசாரணை ஆணையம் அறிக்கை தந்தது. சோலார் மானியத்தில் அதே நாடு இன்று கறாராக இருக்கிறது. வேலை தொடங்கும்போதும் நடுவிலும் முடியும்போதும் அங்கீகாரம் பெற்ற ஆள் அந்த இடத்தில் இருந்தாக வேண்டும். உயிர்போன பிறகுதான் நமக்கும் விதி வரவேண்டுமா?

சான்று கட்டாயமானால் படிக்காதவன் பிழைப்பு போய்விடும் என்ற எதிர்ப்பு எங்கள் சங்கத்துக்குள்ளேயே எழுந்தது. அதை நாங்கள் ஒதுக்கவில்லை. 2015இல் தொடங்கிய சூர்யமித்ரா பயிற்சி நல்ல பயிற்சி. ஆனால் அது 600 மணி நேரம், ஐடிஐ அல்லது டிப்ளமோ முடித்தவர்களுக்கானது. திருமழிசையில் வாடகை வீட்டில் இருந்து நாள்கூலியில் குடும்பம் நடத்துகிறவர் மூன்று மாதம் வேலையை விட்டுவிட்டு வகுப்பில் உட்கார முடியாது.

இதற்கு வழி தமிழ்நாட்டிலேயே இருக்கிறது. மின்கம்பியாள் உதவியாளர் தகுதிகாண் தேர்வு. ஒயரிங்கில் 5 ஆண்டு அனுபவமும் 21 வயதும் இருந்தால் எழுதலாம், ஐடிஐயில் செய்முறைத் தேர்வு நடக்கும். பெரிய படிப்பு இல்லாத எத்தனையோ பேர் அதன் வழியாகத் தலைநிமிர்ந்து இந்தத் தொழிலில் நிற்கிறார்கள். அதே முறையில் சோலாருக்கும் ஒரு பிரிவு திறக்க வேண்டும். அம்பத்தூர் அரசு ஐடிஐ போன்ற இடங்களில், ஞாயிற்றுக்கிழமைகளில், தமிழில். வடமாநிலத் தொழிலாளர்களுக்கு இந்தியிலும். கேள்வித்தாளைவிடக் கிரிம்பிங் டூலும் இன்சுலேஷன் சோதிக்கும் மெக்கரும் கையில் கொடுத்து மதிப்பிடுங்கள். கட்டணத்தை வேலைக்கு எடுக்கும் நிறுவனம் கட்டட்டும். இப்போது தொழிலில் இருப்பவர்களுக்கு இரண்டு ஆண்டு அவகாசம் கொடுங்கள்.

தமிழ்நாடு மின் பகிர்மானக் கழகத்திடம் நாங்கள் கேட்பது ஒன்றுதான். சோலார் வீடுகளுக்கான நெட் மீட்டர் விண்ணப்பத்தில் பொருத்தியவரின் பெயருக்கும் சான்று எண்ணுக்கும் ஒரு கட்டம் சேருங்கள், அது காலியாக இருந்தால் மீட்டர் கொடுக்காதீர்கள். அந்தக் கட்டம் வரும்வரை எங்கள் உறுப்பினர்கள் தங்கள் பெயரையும் பொருத்திய தேதியையும் இன்வெர்ட்டருக்குப் பக்கத்தில் எழுதி ஒட்டுவார்கள்.

வீட்டுக்காரர்கள் விலை பேசும்போதே கேளுங்கள்: மாடிக்கு யார் வருவார், அவர் எதில் தேர்ச்சி பெற்றவர்? டிசிக்கு, ஏசிக்கு, இடிதாங்கிக்கு என மூன்று எர்த் குழி தனித்தனியாகத் தோண்டச் சொல்லுங்கள். ஒவ்வொன்றின் எர்த் ரீடிங்கையும் உங்கள் கண்முன்னே எடுத்து, கையெழுத்திட்டுத் தந்த பிறகு கடைசித் தவணையைக் கொடுங்கள்.