பூசும் முன் பலகையைப் பார்!

அலமாரிக் கதவு பளபளவென்று மின்னுகிறது. தேக்கு நிறம். தேக்கு ரேகை.

உள்ளே இருப்பது தேக்குதானா?

இல்லாமலும் இருக்கலாம்! மட்டமான பலகையின் மீது மெல்லிய தேக்குத் தகட்டை ஒட்டி, சாயம் பூசி விட்டால் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. ஒரு மழைக்காலம் போனால்தான் வேஷம் கலையும்.

இந்த ஏமாற்றத்தைத் தடுக்க மத்திய சர்க்கார் ஓர் உத்தரவு போட்டது. பிளைவுட் பலகைக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். பார்ட்டிகிள் போர்டு, எம்.டி.எப். பலகைகளுக்கும் அப்படியே. 2025-ம் ஆண்டில் இது படிப்படியாக அமுலுக்கு வந்தது.

தேக்கு எங்கே போயிற்று?

ஒரு காலத்தில் செட்டிநாட்டு வீடுகளுக்குப் பர்மாத் தேக்கு கப்பலில் வந்தது. பர்மா, அதாவது மியான்மர், 2014-ல் மரக்கட்டை ஏற்றுமதியை நிறுத்தி விட்டது. இந்தியக் காடுகளில் இஷ்டம் போல் மரம் வெட்டுவதற்குச் சுப்ரீம் கோர்ட்டு 1996-லேயே கடிவாளம் போட்டது.

அதனால் தோட்டத்து மரங்களுக்கு மவுசு வந்தது. கேரளத்தில் பெரும்பாவூர் ஆலைகள் ரப்பர் மரத்தைச் சீவுகின்றன. அரியானாவில் யமுனா நகர் ஆலைகள் பாப்லர் மரத்தையும் தைல மரத்தையும் சீவுகின்றன. சீவிய தகடுகளைப் பசை போட்டு அழுத்தினால் பிளைவுட்!

பசைதான் உயிர்

பசை நன்றாக இருந்தால் பலகை நிற்கும். மட்டமான பசை என்றால் தண்ணீர் பட்டதும் தகடு தகடாகப் பிரியும்.

இன்னொரு ஆபத்தும் உண்டு. இந்தப் பசைகளில் பார்மால்டிஹைடு என்ற ரசாயனம் இருக்கிறது. புதுப் பலகையின் நெடி கண்ணைக் கரிப்பது இதனால்தான். இது புற்றுநோய் உண்டாக்கக் கூடியது என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சிப் பிரிவு 2004-ல் முடிவு கூறியது. எனவே பலகையின் இரு பக்கங்களையும் விளிம்புகளையும் மூடிப் பூச வேண்டும். சில வாரங்கள் ஜன்னலைத் திறந்து வைக்க வேண்டும்.

எந்த எண்?

பலகையில் 303 என்ற எண் இருந்தால் சாதாரண உபயோகம். அதிலேயே "எம்.ஆர்." ரகம் படுக்கை அறைக்குப் போதும். சமையலறைக்கு "பி.டபிள்யூ.ஆர்." ரகம் நல்லது. தண்ணீர்த் தொட்டிக்குக் கீழே 710 எண்ணுள்ள மரைன் பிளைவுட் ஏற்றது. எம்.டி.எப். வழவழப்பாக இருக்கும், ஆனால் ஈரம் பட்டால் ஊதி விடும்.

எண்ணை யாரும் அச்சடிக்கலாம். முத்திரையின் கீழே உரிம எண் இருக்கிறதா என்று பாருங்கள். அது உண்மையா என்று "பி.ஐ.எஸ். கேர்" என்ற கைப்பேசிச் செயலியில் சரிபார்க்கலாம்.

சாயம் காக்காது

சாயம் நிறத்தைத்தான் தரும். மரத்தைக் காப்பது அதன் மேல் அடிக்கும் பூச்சு. அரக்கு பாலிஷ் அழகானது. ஆனால் ஈரப் பாத்திரம் வைத்தால் வெள்ளை வளையம் விழும். சமையலறைக்குப் பி.யு. பூச்சு தாங்கும். முதலில் அதே பலகையின் துண்டு ஒன்றில் உப்புத்தாள் தேய்த்து, சாயம் பூசிப் பார்த்துவிட வேண்டும். ஒரே சாயம் ஒவ்வொரு மரத்தில் ஒவ்வொரு நிறம் காட்டும்.

சட்டம் ஆலை வாசலில் காவல் நிற்கிறது. ஆனால் தச்சர் பலகையை அறுத்துக் கதவாக்கிய பிறகு முத்திரை எங்கே தெரியும்? முழுப் பலகை வீட்டுக்கு வரும்போதே பார்த்துவிட வேண்டும். ஆயத்தக் கதவு வாங்கினால், பலகையின் ரகத்தை ரசீதில் எழுதி வாங்க வேண்டும்.

பூச்சு ஏறிய பிறகு கேட்டால், கதவு பதில் சொல்லாது!