நாற்காலி செய்தவன் பேர் என்ன?

எங்கப்பா மர அறுவை மில்லில் தடி உருட்டினவர். தேக்கும் வேங்கையும் அவர் தோள் ஏறித்தான் ரம்பத்துக்குப் போயின. எங்க வீட்டில் நாற்காலி கிடையாது. வாரக் கூலி வாங்க முதலாளி வீட்டுக்குப் போனால் திண்ணைக்குக் கீழேதான் நிற்பார். திண்ணையில் கிடந்த சாய்வு நாற்காலியின் கட்டை அவர் சுமந்ததுதான்.

போன மாதம் சென்னையில் ஒரு கடையில் மரத்தில் செய்த மேசை விளக்கு பார்த்தேன். விலை, எங்கப்பாவின் ஆறுமாதக் கூலிக்கு மேலே. கூடவே ஓர் அட்டை: வடிவமைத்தவர் பெயர், அவர் படித்த இடம், அப்புறம் 'கையால் செய்யப்பட்டது'. யார் கை என்று கேட்டேன். "அதெல்லாம் ஆளுங்க சார்" என்றார் கடைக்காரர்.

ஆளுங்க! இந்த ஒரு சொல்லுக்குள்தான் இந்த நாட்டின் மொத்தக் 'கலை வரலாறும்' கிடக்கிறது.

சண்டிகர் கதையைப் பாருங்கள். 1950களில் அந்த நகரம் எழுந்தபோது அலுவலகங்களுக்கும் கல்லூரிகளுக்கும் தேக்கிலும் பிரம்பிலும் ஆயிரக்கணக்கில் நாற்காலிகள் செய்யப்பட்டன. வடிவமைத்தவர் பியர் ஜான்னரே, லெ கொர்பூசியேவின் உறவினர். கூட வேலை செய்த யூலி சௌத்ரியின் பெயரே ஓரமாய்த்தான் நிற்கிறது. உளி பிடித்த தச்சர் பெயர்? பிரம்பு பின்னினவர் பெயர்? பிற்பாடு இந்த நாற்காலிகள் உடைசல் என்று குவிக்கப்பட்டு அடிமாட்டு விலைக்குப் போயின. வெளிநாட்டு வியாபாரிகள் வாங்கிப் போய் மெருகேற்றினார்கள். ஐரோப்பிய, அமெரிக்க ஏலங்களில் லட்சக்கணக்கில் விலை. 2011இல்தான் உள்துறை அமைச்சகம் விழித்துக்கொண்டு விற்பனைக்குத் தடை போட்டது.

அந்த நாற்காலிகளின் முதுகில் வெள்ளை பெயிண்டில் எழுத்துகள் இருக்கும். எந்த அலுவலகம், எத்தனையாவது உருப்படி என்ற அடையாளம். ஏலத்தில் அதற்கும் மதிப்பு. ஆக, உட்கார்ந்த ஆபீசுக்குப் பேர் இருக்கிறது, வரைந்தவருக்குப் பேர் இருக்கிறது, விற்றவனுக்குப் பேர் இருக்கிறது. செய்தவனுக்கு மட்டும் இல்லை.

'யோசித்தது அவர்தானே, இவர்கள் வெறும் கை' என்பார்கள். பொய். அந்த நாற்காலிகள் பல பட்டறைகளில் செய்யப்பட்டவை. ஒன்றின் அளவு இன்னொன்றில் அப்படியே இருக்காது. மரத்தின் ரேகை பார்த்து, துளைக்கும் கழுந்துக்கும் எவ்வளவு இறுக்கம் வேண்டும் என்று தீர்மானித்தது தாளா? இழைப்புளி பிடித்த மூளை! தலை யோசிக்கும், கை உழைக்கும் என்று பிரித்ததற்குப் பெயர்தான் வருணம். அதைத்தான் இன்று பளபளப்பான அட்டையில் அச்சடித்துத் தொங்கவிடுகிறான்.

தச்சர் எல்லாம் நம்மவர் என்று நான் சொல்லவில்லை. எங்க ஊர் ஆசாரி எங்களுக்கும் ஏர் செய்து கொடுத்தார். ஆனால் சேரிக்குள் கால் வைக்க மாட்டார், எல்லையில் வைத்துவிட்டுப் போவார். அவரைப் பேர் இல்லாதவராக்கியதும் சாதிதான், எங்களை எல்லையில் நிறுத்த அவருக்குச் சொல்லிக்கொடுத்ததும் சாதிதான். சாதி உழைப்பாளிகளையே ஒருவர்மேல் ஒருவராய் அடுக்கியது என்று அம்பேத்கர் 1936இலேயே எடுத்துக்காட்டினார். ஆசாரிக்கும் கீழே தடி உருட்டினவன் எந்த அட்டையில் வருவான்?

நாற்காலி வெறும் மரச்சாமான் இல்லை தோழர்களே. பஞ்சாயத்துத் தலைவர் நாற்காலிக்காகத்தான் மேலவளவு முருகேசன் 1997 ஜூனில் வெட்டிக் கொல்லப்பட்டார். 2020இல் கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டையில் தலித் பெண் தலைவரைத் தரையில் உட்கார வைத்துக் கூட்டம் நடத்தினார்கள். மற்றவர்கள் உட்கார நாற்காலி இருந்தது!

கைவினையைக் கொண்டாடுகிறவர்களே, உங்களிடம் கேட்பது பாராட்டு இல்லை. அட்டையில் அறுத்தவர், இழைத்தவர், பின்னினவர் எல்லார் பேரும் வரட்டும். விலையில் அவர்கள் பங்கு எவ்வளவு என்று அதன் கீழேயே எழுதுங்கள். எழுதக் கூச்சமாக இருந்தால், 'கையால் செய்தது' என்ற வார்த்தையை எடுத்துவிடுங்கள். அந்தக் கை உங்களுடையது இல்லை.

எங்கப்பா கடைசிவரை திண்ணை ஏறவில்லை. நான் முதல் சம்பளத்தில் ஒரு மர நாற்காலி வாங்கிப் போட்டேன். உட்காரச் சொன்னால், கையால் தடவிப் பார்த்து, "வேங்கைடா" என்றார். அப்புறம்தான் உட்கார்ந்தார்.